பழைய எக்ஸ்கவேட்டர், லோடர்களில் இன்ஜின் சென்சார் கோளாறு: சென்சார் வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

மானிட்டரில் 100-3 என்று ஒரு கோட் வருகிறது. ஸ்கேனரை மாட்டினால் ஆயில் பிரஷர் சென்சார் என்கிறது. புது சென்சார் வாங்கி மாட்டுகிறார்கள், கோட் போகவில்லை. அடுத்து ஹார்னஸ் (ஒயர் கட்டு), அதற்கடுத்து இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) என்று செலவு ஏறுகிறது. கடைசியில் பார்த்தால் ஏதோ ஒரு பிராக்கெட்டில் உரசி அறுந்த ஒயர். கோட் சொல்வது எந்த சர்க்யூட்டில் கோளாறு என்பதை மட்டும்தான். சென்சார், அதற்குப் போகும் ஒயர், கனெக்டர், 5 வோல்ட் சப்ளை, எர்த், இசிஎம் எல்லாமே அந்த சர்க்யூட்டுக்குள் அடக்கம். சில கோட்களில் சர்க்யூட் முழுக்க நன்றாக இருக்கும், கோளாறு இன்ஜினில் இருக்கும்.

கைமாறி வந்த மெஷின் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. முன்பு வைத்திருந்தவர்கள் எதை வெட்டினார்கள், எதை ஒட்டினார்கள், எதை ஏமாற்றி ஓட்டினார்கள் என்று தெரியாது. அதனால் புது மெஷினுக்கு எழுதிய சர்வீஸ் மேனுவலின் வரிசையை அப்படியே பின்பற்றினால் பாதி வழியில் குழம்பிப் போவோம். இங்குள்ள வரிசை பழைய மெஷினை மனதில் வைத்து அமைத்தது.

தேவையான சாமான்கள்

டிஜிட்டல் மல்டிமீட்டர் கட்டாயம். இன்புட் இம்பிடன்ஸ் 10 மெகாஓம் உள்ளதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஊசி மீட்டர் சென்சார் சிக்னலிலிருந்தே கரன்ட் இழுத்து அளவைக் கெடுத்துவிடும். கனெக்டரின் பின்பக்கத்திலிருந்து நுழைக்கும் மெல்லிய புரோப் பின்கள், 0 முதல் 10 பார் வரை காட்டும் மெக்கானிக்கல் பிரஷர் கேஜ், அதற்கான அடாப்டர்கள், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், அந்த மெஷினின் சீரியல் நம்பருக்கு உரிய ஒயரிங் டயகிராம் ஆகியவையும் வேண்டும். மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் சீரியல் நம்பர் மாறும்போது பின் எண்களும் ஒயர் நிறங்களும் மாறுவது சகஜம்.

லைவ் டேட்டா (சென்சார்கள் அந்த நொடியில் சொல்லும் அளவுகள்) பார்க்க மெஷினுக்கு ஏற்ற சாஃப்ட்வேர் இருந்தால் வேலை பாதியாகக் குறையும்: கேட்டர்பில்லருக்கு கேட் இடி, கம்மின்ஸுக்கு இன்சைட், வோல்வோவுக்கு டெக் டூல், ஜேசிபிக்கு சர்வீஸ்மாஸ்டர். பல கொமாட்சு மெஷின்களில் மானிட்டர் பேனலின் சர்வீஸ் மோடிலேயே கோட்களும் லைவ் அளவுகளும் தெரியும், லேப்டாப் தேவைப்படாது.

பாதுகாப்பில் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. காமன் ரெயில் இன்ஜினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) ரெயில் பிரஷர், அதாவது அந்தக் குழாயில் உள்ள டீசலின் அழுத்தம், 1,000 பாரைத் தாண்டும். ஓடும் இன்ஜினில் அந்த பைப்பை லூஸ் செய்தால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இன்ஜினை நிறுத்திய பிறகும் பிரஷர் இறங்க சில நிமிடம் விடுங்கள். அடுத்து, இன்ஜெக்டர் ஒயரில் 24 வோல்ட்தானே என்று கை வைக்க வேண்டாம். இசிஎம் அதை ஏற்றி அனுப்பும், ஷாக் பலமாக அடிக்கும். பக்கெட்டைத் தரையில் இறக்கி, லாக் லீவர் போட்ட பிறகே இன்ஜின் பக்கம் போக வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

படி 1: மெஷினில் என்ன கைவரிசை நடந்திருக்கிறது என்று பாருங்கள்

சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் சில விநாடி எரிந்து அணைய வேண்டும். ஏதாவது ஒன்று எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், கறுப்பு டேப் ஒட்டியிருக்கலாம். விற்கும் நேரத்தில் இது அடிக்கடி நடக்கும்.

பிறகு கோட் ஹிஸ்டரியைப் பாருங்கள். 8,000 மணி நேரம் ஓடிய மெஷினில் ஒரு பழைய கோட்கூட இல்லையென்றால் அது நல்ல செய்தி அல்ல, யாரோ அழித்திருக்கிறார்கள். கேட்டர்பில்லரில் ஓவர்ஹீட், ஆயில் பிரஷர் குறைவு போன்ற முக்கியமான ஈவென்ட்டுகளை ஃபேக்டரி பாஸ்வேர்டு இல்லாமல் அழிக்க முடியாத மாடல்கள் உண்டு. அங்கே வரலாறு மிச்சமிருக்கும். டேஷ்போர்டு மணி நேரத்தையும் இசிஎம் உள்ளே பதிவான மணி நேரத்தையும் ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் மீட்டர் மாறியிருக்கும் அல்லது இசிஎம் வேறு மெஷினிலிருந்து வந்திருக்கும். வேறு மெஷினின் இசிஎம்மில் சாஃப்ட்வேர் வேறு இன்ஜினுக்கு உரியதாக இருந்தால், இல்லாத சென்சாருக்கும் கோட் வரும். அந்த மாதிரி கோட்டைத் துரத்தினால் நாள் முழுக்கப் போகும்.

அடுத்து ரெசிஸ்டர் வித்தை. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் என்பது வெப்பத்துக்கேற்ப ரெசிஸ்டன்ஸ் மாறும் சின்னத் துண்டு. அதன் கனெக்டரில் சில நூறு ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகி டேப் சுற்றிவிட்டால், இன்ஜின் எவ்வளவு சூடானாலும் இசிஎம் 80 டிகிரி என்றே நம்பிக்கொண்டிருக்கும். கோடும் வராது. இதைப் பிடிப்பது சுலபம்: காலையில் குளிர்ந்த இன்ஜினில் சாவி போட்டவுடன் கூலன்ட் 78 டிகிரி காட்டினால், கனெக்டருக்கு மேலே சுற்றியிருக்கும் டேப்பைப் பிரியுங்கள். ஹார்னஸில் டேப் புதிதாகவோ, ஒட்டும் பிசின் கசிந்தோ, ஒரே இடம் மட்டும் தடித்தோ இருந்தால் அங்கே கட்டாயம் கை வையுங்கள். முறுக்கி டேப் போட்ட ஜாயின்ட் எதுவானாலும், அது கோட் வந்த சர்க்யூட்டில் இல்லாவிட்டாலும், சால்டர் அல்லது கிரிம்ப் செய்து பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டுச் சரிசெய்துவிடுங்கள்.

படி 2: பேட்டரி, எர்த்

சென்சார் வேலைக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம் என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். சப்ளை தடுமாறினால் இசிஎம் ஒரே நேரத்தில் ஐந்தாறு கோட் போடும். அதில் ஒன்றுகூட உண்மையாக இருக்காது.

24 வோல்ட் மெஷினில் ஓய்வில் 25.2 வோல்ட்டுக்கு மேல், இன்ஜின் ஓடும்போது 27.5 முதல் 28.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 18 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியையும் கேபிளையும் கவனியுங்கள். அந்த நேரத்தில் இசிஎம் ரீசெட் ஆகி, கிராங்க் சென்சார் கோட் பொய்யாக வரும். பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் அளந்து பாருங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால் ஆல்டர்னேட்டர் டயோடு போயிருக்கலாம். அந்த இரைச்சல் சென்சார் சிக்னலில் ஏறி, சிக்னல் தாவுகிறது என்னும் எஃப்எம்ஐ 2 வகைக் கோட்களை (படி 3 பாருங்கள்) கிளப்பும்.

எர்த்தை ஓம் அளவில் சோதிப்பது பயன் தராது. இன்ஜின் ஓடட்டும், லைட்டுகள் எல்லாம் எரியட்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை இசிஎம் எர்த் பின்னில். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.2 தாண்டினால் இடையில் எங்கோ துரு. பெயின்ட் அடித்த மெஷின்களில் எர்த் போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட் போயிருக்கும். விற்பதற்காகப் புதுப் பெயின்ட் அடித்த வண்டியில் இதை முதலிலேயே சுரண்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

படி 3: கோட்டின் இரண்டாம் பாதியைப் படியுங்கள்

பெரும்பாலான மெஷின்கள் எஸ்ஏஇ ஜே1939 முறையில் கோட் தருகின்றன. முதல் எண் எஸ்பிஎன், எந்த அளவு என்பதைச் சொல்லும். இரண்டாவது எஃப்எம்ஐ, என்ன மாதிரிக் கோளாறு என்பதைச் சொல்லும். எஸ்பிஎன் 100 ஆயில் பிரஷர், 110 கூலன்ட் வெப்பம், 102 பூஸ்ட் பிரஷர் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்), 105 இன்டேக் காற்றின் வெப்பம், 157 ரெயில் பிரஷர், 190 இன்ஜின் ஸ்பீடு, 97 டீசலில் தண்ணீர், 108 வெளிக்காற்றின் அழுத்தம், 111 கூலன்ட் மட்டம். ஹிட்டாச்சி இதை 100-3 போல எஸ்பிஎன், எஃப்எம்ஐ வரிசையிலேயே காட்டும். பழைய கேட்டர்பில்லரில் சிஐடி, எஃப்எம்ஐ என்று வரும். சர்க்யூட் கோளாறு அல்லாத ஈவென்ட்டுகளுக்கு முன்னால் இ எழுத்து இருக்கும்: இ360 ஆயில் பிரஷர் குறைவு, இ361 கூலன்ட் அதிகச் சூடு. கொமாட்சுவில் சிஏ எழுத்தோடு வரும் இன்ஜின் கோட்களின் எண்கள் கம்மின்ஸ் எண்களோடு ஒத்துப்போகும். சிஏ144 என்பது கூலன்ட் சென்சார் சிக்னல் மேலே, சிஏ559 என்பது ரெயில் பிரஷர் குறைவு.

எல்லோரும் எஸ்பிஎன்னைத் தேடிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். வேலையின் திசையைக் காட்டுவது எஃப்எம்ஐதான்.

0, 1, 15, 16, 17, 18: இவை வந்தால் சென்சாரின் சிக்னல் வோல்டேஜ் எல்லைக்குள் இருக்கிறது என்று பொருள். அளவுதான் எல்லை மீறியிருக்கிறது. 0, 15, 16 அதிகம். 1, 17, 18 குறைவு. 100-1 வந்தால் ஆயில் பிரஷர் உண்மையிலேயே இறங்கியிருக்கலாம். இன்ஜினை உடனே நிறுத்துங்கள். சென்சாரைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

3: சிக்னல் வோல்டேஜ் மேலே போய்விட்டது. ஒயர் அறுந்திருக்கலாம், கனெக்டர் கழன்றிருக்கலாம், 5 வோல்ட்டிலோ பேட்டரி ஒயரிலோ சிக்னல் ஒயர் ஒட்டியிருக்கலாம்.

4: வோல்டேஜ் கீழே. பெரும்பாலும் எர்த்தில் ஷார்ட், அல்லது 5 வோல்ட் சப்ளை வரவில்லை.

5, 6: இவை கரன்ட் பற்றியவை. இன்ஜெக்டர், சோலினாய்டு, ரிலே சர்க்யூட்டுகளில் வரும். 5 திறந்த சர்க்யூட் (எங்கோ அறுந்திருக்கிறது), 6 ஷார்ட்.

2, 8, 10: சிக்னல் தாவுகிறது, துடிப்பு முறை தவறுகிறது, மாறும் வேகம் நம்பும்படி இல்லை. லூஸ் கான்டாக்ட், மின் இரைச்சல், ஸ்பீடு சென்சார் முனையில் அழுக்கு.

9, 19: கேன் ஒயர் (கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் ஜோடி ஒயர்) வழியே வர வேண்டிய தகவல் வரவில்லை அல்லது தவறாக வருகிறது. அந்த சென்சாரைத் தொட வேண்டாம்.

ஆக்டிவ் கோட், பதிவான கோட் இரண்டையும் பிரித்து, எத்தனை தடவை வந்தது, எந்த மணி நேரத்தில் முதலில் வந்தது, கடைசியாக எப்போது என்று எழுதி வையுங்கள். கோட்களை அழிக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மணி நேரத்தில் நான்கு சென்சார்களுக்குக் கோட் விழுந்திருந்தால் நான்கும் கெடவில்லை, நான்குக்கும் பொதுவான ஒன்று கெட்டிருக்கிறது.

படி 4: குளிர்ந்த இன்ஜினில் லைவ் டேட்டா

இதற்குப் பைசா செலவில்லை, ஒரு ஸ்பேனரும் தேவையில்லை. இராத்திரி முழுக்க நின்ற மெஷினில் காலையில் சாவி மட்டும் போட்டு அளவுகளைப் படியுங்கள். கூலன்ட், இன்டேக் காற்று, டீசல், இன்ஜின் ஆயில், ஹைட்ராலிக் ஆயில் எல்லாம் வெளி வெப்பத்தை ஒட்டி, ஒன்றுக்கொன்று சில டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 15 டிகிரி தள்ளி நின்றால் அதன் சென்சார் அல்லது கனெக்டரில் ரெசிஸ்டன்ஸ் ஏறியிருக்கிறது. மைனஸ் 40 காட்டினால் அனேகமாகத் திறந்த சர்க்யூட்.

அழுத்தங்களையும் இதேபோல் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது ஆயில் பிரஷர் 0, ரெயில் பிரஷர் 0-ஐ ஒட்டி, பூஸ்ட் 0. சில மெஷின்கள் பூஸ்ட்டை வெளிக்காற்றையும் சேர்த்து அப்சொல்யூட் அளவாகக் காட்டும். அப்போது கடல் மட்டத்தில் 100 கிலோபாஸ்கலை ஒட்டியும், 1,000 மீட்டர் உயரத்தில் 90-ஐ ஒட்டியும், வெளிக்காற்று சென்சார் சொல்லும் அளவுக்குச் சமமாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மெஷின் இருக்கும் இடத்தின் உயரத்தைப் பார்த்து எது பொய் என்று முடிவு செய்யலாம். வெளிக்காற்று சென்சார் தவறாகக் குறைத்துக் காட்டினால், மலை மேல் இருப்பதாக நினைத்து இசிஎம் டீசலைக் குறைத்துவிடும். ஆபரேட்டர் ‘இழுவை இல்லை’ என்பார், கோட் ஒன்றும் இருக்காது.

இப்போது ஸ்டார்ட் செய்து சூடாகும் வரை பாருங்கள். கூலன்ட் அளவு சீராக ஏற வேண்டும். நின்ற இடத்திலேயே நின்றால் ரெசிஸ்டர் சந்தேகம். குதித்துக் குதித்து ஏறினால் கனெக்டர்.

படி 5: கண்ணும் கையும்

சென்சாரிலிருந்து இசிஎம் வரை ஹார்னஸைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். உரசும் இடங்கள் பழகிவிட்டால் கை தானாகப் போகும்: ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேலே, டர்போ அருகே, ஹோஸ் கிளாம்புகளுக்கு அடியில், இன்ஜின் ஆடும் மவுன்ட்டுக்கும் ஆடாத ஃப்ரேமுக்கும் நடுவில். கிளிப் உடைந்து ஹார்னஸ் தொங்கினாலே பாதி விடை கிடைத்த மாதிரி. எலி கடித்த தடம் இருந்தால் ஒரு ஒயரோடு நிற்காது, மொத்த ஹார்னஸையும் பிரித்தாக வேண்டும்.

கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பச்சை நிறத் துரு, வளைந்த பின், உள்ளே தள்ளிப்போன டெர்மினல், காணாமல் போன ரப்பர் சீல். டாய்ச் கம்பெனி கனெக்டரில் டெர்மினலைப் பூட்டிப் பிடிக்கும் ஆரஞ்சு அல்லது பச்சை வெட்ஜ் இல்லையென்றால் டெர்மினல் பின்வாங்கும். ஒவ்வொரு ஒயரையும் பின்பக்கத்திலிருந்து லேசாக இழுத்துப் பாருங்கள், கிரிம்ப் சரியில்லாதது கையோடு வந்துவிடும். பெண் டெர்மினலில் அதே அளவு ஆண் பின் ஒன்றைச் செருகி இழுங்கள். பிடிப்பே இல்லாமல் வழுக்கினால், முன்பு யாரோ தடித்த மீட்டர் புரோப்பைச் செருகி அதை விரித்துவிட்டார்கள். இதனால்தான் புரோப்பை முன்பக்கத்தில் குத்தக் கூடாது, ஒயர் இன்சுலேஷனையும் ஊசியால் துளைக்கக் கூடாது. அந்தத் துளை வழியே தண்ணீர் போய், சில மாதத்தில் செம்பு பொடியாகிவிடும். வெளியே பார்த்தால் ஒயர் முழுசாகத் தெரியும்.

கனெக்டருக்குள் ஆயில் இருந்தால் நின்று யோசியுங்கள். ஆயில் பிரஷர் சென்சாரின் உள் சீல் போனால், ஆயில் பின் வழியே கசிந்து ஒயரின் இழைகளுக்கு நடுவே நுழைந்து, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மெல்ல நகரும். சில மாதம் கழித்து மீட்டர் கணக்கில் தள்ளியிருக்கும் இசிஎம் கனெக்டரில் சொட்டும். அங்கே அதைப் பார்த்தவர்கள் இசிஎம்மை சந்தேகிப்பார்கள், ஊற்று எங்கோ இருக்கும். சென்சாரை மாற்றி, கான்டாக்ட் கிளீனரால் இரண்டு முனையும் கழுவி, ஒரு வாரம் கழித்து மறுபடி திறந்து பாருங்கள். ஒயருக்குள் தங்கியிருக்கும் ஆயில் இன்னும் வரும். நிற்கவில்லையென்றால் அந்த ஒயரையே மாற்ற வேண்டியதுதான்.

படி 6: மீட்டர் வைத்து சர்க்யூட்டைப் பிரித்தல்

மூன்று ஒயர் உள்ள பிரஷர் சென்சாரில் ஒன்று 5 வோல்ட் சப்ளை, ஒன்று ரிட்டர்ன் (சென்சாரின் எர்த்), ஒன்று சிக்னல். கனெக்டரைக் கழற்றி, சாவி ஆன் செய்து, ஹார்னஸ் பக்கத்தில் சப்ளைக்கும் ரிட்டர்னுக்கும் இடையே அளங்கள். 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அடுத்து அதே சப்ளையை பேட்டரி நெகட்டிவோடு அளங்கள். முதல் அளவு குறைவு, இரண்டாவது சரி என்றால் ரிட்டர்ன் ஒயர் அறுந்திருக்கிறது.

5 வோல்ட் இல்லை, அல்லது 1, 2 வோல்ட்தான் வருகிறது என்றால், இசிஎம் போயிற்று என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே 5 வோல்ட் லைனில் பல சென்சார்கள் தொங்கும். அதில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு விழும். மீட்டரை மாட்டியபடியே வைத்து, அந்த லைனில் உள்ள சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்ப வருகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லையென்றால் ஒயர் ஷார்ட். இசிஎம் முனையிலும் அந்தப் பின்னை விடுவித்துப் பார்த்து அப்போதும் 5 வோல்ட் இல்லையென்றால்தான் இசிஎம் மேல் சந்தேகப்பட நியாயம் உண்டு.

சப்ளை சரி என்றால் சென்சாரை மாட்டி சிக்னலைப் பின்பக்கத்தில் அளங்கள். வெளிக்காற்றை விட எவ்வளவு அதிகம் என்று அளக்கும் கேஜ் வகை சென்சார், இன்ஜின் ஓடாதபோது 0.5 வோல்ட்டை ஒட்டி இருக்கும். முழு அழுத்தத்தில் 4.5-ஐ நெருங்கும். அப்சொல்யூட் வகை பூஸ்ட் சென்சார் நின்ற இன்ஜினிலும் வெளிக்காற்று அழுத்தத்தைப் படிப்பதால் 0.5-ஐ விடக் கூடுதலாகவே காட்டும், பயப்பட வேண்டாம்.

இரண்டு ஒயர் உள்ள வெப்ப சென்சாரில் கழற்றி மாற்றும் சோதனை போதும். எஃப்எம்ஐ 4 ஆக்டிவாக இருந்தால் சென்சாரைக் கழற்றுங்கள். கோட் 3-ஆக மாறினால் ஒயரும் இசிஎம்மும் நன்று, சென்சார் ஷார்ட். எஃப்எம்ஐ 3 ஆக்டிவாக இருந்தால் ஹார்னஸ் கனெக்டரில் இரண்டு பின்னையும் ஒரு சின்ன ஜம்பரால் இணையுங்கள். கோட் 4-ஆக மாறினால் சென்சார் உள்ளே அறுந்திருக்கிறது. மாறவில்லையென்றால் ஒயரைத் தேடுங்கள். பிரஷர் சென்சாரில் இதே சோதனையைச் செய்யும்போது 5 வோல்ட்டை ரிட்டர்னோடு இணைத்துவிடக் கூடாது. சிக்னல் ஒயர் அறுந்தால் வோல்டேஜ் மேலே போகுமா கீழே போகுமா என்பதும் இசிஎம்முக்கு இசிஎம் மாறும், மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெப்ப சென்சாரின் ரெசிஸ்டன்ஸும் துணைக்கு வரும். சூடு ஏற ஏறக் குறைவது இதன் குணம். பரவலாக உள்ள பாஷ் வகையில் 20 டிகிரியில் 2.5 கிலோஓம், 100 டிகிரியில் 200 ஓமுக்குச் சற்றுக் கீழே. வேறு நிறுவனத்தின் சென்சாரில் எண் வேறு, போக்கு அதே. கொதிக்கும் தண்ணீரில் நுனியை மட்டும் முக்கி அளந்தால் இடையில் தாவுகிறதா என்று தெரிந்துவிடும்.

ஒயரைச் சோதிக்க இரண்டு முனையையும் கழற்றுங்கள். முனைக்கு முனை 10 ஓமுக்குள், பாடிக்கு 100 கிலோஓமுக்கு மேல் என்பது கம்மின்ஸ் வைத்திருக்கும் அளவு, மற்றவற்றுக்கும் ஏறக்குறையப் பொருந்தும். ஆனால் ஓம் மீட்டரை முழுசாக நம்ப முடியாது. இருபது இழையில் ஒரே இழை மிஞ்சியிருந்தாலும் அது 0.3 ஓம் என்று சிரித்த முகமாகக் காட்டும். இரு முனையும் கழன்ற அந்த ஒயர் வழியே 24 வோல்ட் பல்பை எரிய விட்டுப் பாருங்கள். மங்கினால் ஒயர் உள்ளே தேய்ந்திருக்கிறது. இசிஎம் மாட்டியிருக்கும்போது இந்த பல்ப் சோதனையைச் செய்தால் இசிஎம் எரிந்துபோகும்.

படி 7: கிராங்க், கேம் ஸ்பீடு சென்சார்

செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் லைவ் டேட்டாவில் ஆர்பிஎம் பாருங்கள். சுற்றும்போது 0 என்றே நின்றால் சிக்னல் இல்லை. 150, 200 என்று காட்டினால் ஸ்பீடு சென்சாரை விட்டுவிட்டு ரெயில் பிரஷருக்குப் போங்கள்.

இரண்டு ஒயர் காந்த வகையில் செல்ஃப் அடிக்கும்போது ஏசி வோல்டேஜ் பிறக்க வேண்டும். மூன்று ஒயர் ஹால் வகைக்கு சப்ளை வேண்டும், அதை ஓம் மீட்டரில் சோதிக்க முடியாது. சென்சாரைக் கழற்றினால் நுனியைப் பாருங்கள். காந்தத்தில் இரும்புத் தூள் தாடிபோல் ஒட்டியிருந்தால் துடைத்து மாட்டினாலே சரியாகலாம். ஆனால் அந்தத் தூள் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பாக்கி இருக்கும். நுனி தேய்ந்திருந்தால் பிளைவீல் அல்லது கியர் ஆடுகிறது. புது சென்சாரும் அதே கதிதான்.

சூடானதும் இன்ஜின் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் காந்த வகை காயிலில் நுண்ணிய வெடிப்பு இருக்கலாம். நின்ற உடனேயே, ஆறுவதற்குள் ரெசிஸ்டன்ஸை அளந்துவிட வேண்டும், ஆறிய பிறகு எல்லாம் சரியாகவே காட்டும். இன்னொன்று: யாரோ கனெக்டர் மாற்றியபோது இந்த இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் போட்டிருந்தால் துடிப்பு தலைகீழாகி டைமிங் குழம்பும். மீட்டரில் எல்லா அளவும் சரியாக வரும், ஒயர் நிறத்தை டயகிராமோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

படி 8: சென்சார் உண்மை சொல்கிறதா?

எஃப்எம்ஐ 1 அல்லது 18 என்று ஆயில் பிரஷர் கோட் வந்தால் மெக்கானிக்கல் கேஜ் மாட்டாமல் எந்த முடிவும் வேண்டாம். ஆயில் கேலரியில் (பிளாக்கின் முக்கிய ஆயில் வழி) கேஜை மாட்டி, சூடான இன்ஜினில் ஐட்லிலும் முழு வேகத்திலும் படித்து லைவ் டேட்டாவோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இறங்கினால் பேரிங், பம்ப், ரிலீஃப் வால்வு, டீசல் கலந்த ஆயில் என்று போக வேண்டும். கேஜ் நல்ல பிரஷர் காட்டி டேட்டா மட்டும் குறைத்துச் சொன்னால்தான் சென்சார்.

கூலன்ட் சூட்டுக்கு தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். பளபளக்கும் உலோகத்தில் இது குறைத்துக் காட்டும், ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் குறிவையுங்கள். கூலன்ட் மட்டம் குறைந்து சென்சார் நுனி நீராவியில் நின்றாலும் அளவு தப்பும், ஆகவே முதலில் ரேடியேட்டரில் தண்ணீர் பாருங்கள், ஆறிய பிறகு.

ரெயில் பிரஷர் குறைவு என்ற கோட்டுக்கு சென்சார் காரணமாக இருப்பது அபூர்வம். அடைத்த ஃபில்டர், சக்‌ஷன் பக்கம் காற்று, ரிட்டர்னில் அதிகம் விடும் இன்ஜெக்டர், இதே வரிசையில் தேடுங்கள். பூஸ்ட் குறைவு என்றால் இன்டர்கூலர் ஹோஸ் கிழிசலும் ஏர் ஃபில்டரும் முதலில்.

புகைவடிகட்டி (டிபிஎஃப்) உள்ள புதுத் தலைமுறை மெஷினில் டிபிஎஃப் பிரஷர் வித்தியாச சென்சாருக்குக் கோட் வந்தால் அதற்குப் போகும் இரண்டு சின்னக் குழாய்களைக் கழற்றி ஊதிப் பாருங்கள். கரி, தண்ணீர், வெடிப்பு மூன்றில் ஒன்று இருக்கும். நின்ற இன்ஜினில் அளவு 0 வர வேண்டும்.

பல கன்ட்ரோலர்களில் ஒரே நேரத்தில் தொடர்பு அறுந்த கோட்கள் என்றால் பேட்டரியைத் துண்டித்து, 9 பின் டயக்னாஸ்டிக் கனெக்டரில் கேன் பின்களுக்கு (பெரும்பாலும் சி, டி; டயகிராமில் உறுதி செய்துகொள்ளுங்கள்) இடையே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். 60 ஓம் சரி. 120 என்றால் கேன் ஒயரின் இரு முனையிலும் இருக்க வேண்டிய டெர்மினேட்டர் ரெசிஸ்டர்களில் ஒன்று இல்லை அல்லது ஒயர் அறுந்தது. 40 என்றால் யாரோ மூன்றாவதைச் சேர்த்துவிட்டார்கள். 0-ஐ ஒட்டி என்றால் ஷார்ட்.

படி 9: வந்து வந்து போகும் கோளாறு

எதிரில் நிற்கும்போது வராத கோளாறுக்கு லைவ் டேட்டாவை ரெக்கார்டு போட்டு, இன்ஜின் ஐட்லில் இருக்க, ஹார்னஸை ஒரு சாண் நீளம் வீதம் பிடித்து அசைத்துக்கொண்டே போங்கள். அசைத்த இடமும் அளவு தாவிய நேரமும் ஒத்துப்போனால் அங்கே திறந்து பாருங்கள். அதிலும் வரவில்லையென்றால் கோட் பதிவான சூழ்நிலையைத் திரும்ப உருவாக்க வேண்டும்: ஆபரேட்டரிடம் கேளுங்கள். சூடான பிறகா, பூம் சுற்றும்போதா, மழைக்குப் பிறகா, தண்ணீர் அடித்துக் கழுவிய மறுநாளா? கடைசி இரண்டுக்கும் பதில் ஆமாம் என்றால் கனெக்டர் சீலைத் தவிர வேறு எங்கும் தேட வேண்டாம். சமீபத்தில் பக்கெட்டிலோ பூமிலோ வெல்டிங் நடந்ததா என்றும் கேளுங்கள். பேட்டரியைத் துண்டிக்காமல், எர்த் கிளாம்பைத் தூரத்தில் மாட்டி வெல்டிங் செய்தால் அந்தக் கரன்ட் சென்சார் எர்த் வழியே திரும்பும்.

படி 10: மாற்றுவதும் உறுதி செய்வதும்

சென்சார்தான் என்று நிரூபணமான பிறகு பார்ட் நம்பரை இன்ஜின் சீரியலோடு சரிபார்த்து வாங்குங்கள். கனெக்டரும் மரையும் ஒன்றாக இருந்து, ஒன்று 7 பார், இன்னொன்று 10 பார் அளவுக்கானது என்று இருக்கும். மாட்டினால் பொருந்தும், எந்தக் கோடும் வராது, அளவு மட்டும் நிரந்தரமாகத் தவறாக இருக்கும். பழைய சென்சாரே அப்படித் தவறாக மாட்டப்பட்டதா என்றும் அதன்மேல் உள்ள எண்ணைப் படித்துப் பார்ப்பது நல்லது.

ஓ ரிங் புதிது போடுங்கள், டார்க் மேனுவல்படி. பாடி வழியே எர்த் எடுக்கும் ஒற்றை ஒயர் சென்சாரில் டெஃப்லான் டேப் சுற்றினால் எர்த் கெடும். கனெக்டரில் கிரீஸ் தடவலாமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், மேனுவல் சொல்லாவிட்டால் தடவ வேண்டாம். ஹார்னஸை அது முன்பு உரசிய இடத்திலிருந்து விலக்கிக் கிளிப் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் அதே கோட் சில நூறு மணி நேரத்தில் திரும்பும்.

கோட்களை அழித்து, சாவியை அணைத்து ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். இன்ஜின் முழுசாகச் சூடாகட்டும், அரை மணி நேரமாவது லோடில் வேலை செய்யட்டும். எஃப்எம்ஐ 2, 10 போன்றவை லோடும் அதிர்வும் சேர்ந்தால்தான் வெளியே வரும். பிறகு ஆறவிட்டு, மறுநாள் காலை படி 4-ல் எடுத்த அதே குளிர்ந்த அளவுகளை மீண்டும் எடுத்து, பழைய எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதி, மெஷினின் மணி நேரத்தையும் குறித்து லாக் புத்தகத்தில் வையுங்கள்.